ஆரஞ்சு அக்காவின் மழைநாள் நகர்வலங்கள்

சிங்கப்பூருக்குப் படிக்க வந்து, ஊரின் மூலை முடுக்கெல்லாம் சுற்றி, கடைசியில் ஊரில் ஒன்றையுமே பார்க்காமல் போனவர் என்று ஒரு பட்டம் கொடுப்பதானால், அதை ஆரஞ்சு அக்காவைத் தவிர வேறு யாருக்கும் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். மெரினா விரிகுடாவில் ஊரே எதைப் பார்த்து நிற்கிறதோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர் அவர். தாவரவியல் பூங்காவில் ஆர்க்கிட் பூக்களுக்கு நான்கு நிமிடமும், பக்கத்தில் இருந்த சாக்கடைக்கு ஒரு மணி பத்து நிமிடமும் ஒதுக்கியவர். ஊகமாகச் சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்த்து அன்றன்றே குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு.

சாக்கடை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். “சாக்கடை இல்லமா, மழைநீர்க் கால்வாய்” என்று திருத்துவார். எங்கள் வீட்டுக்கார ரஹீமா அண்ட்டி இரண்டு சொல்லையும் ஏற்காமல் மலாய்க்காரர்களைப் போல ‘லொங்காங்’ என்றே சொல்வார். அண்ட்டியின் மாமனார் நாகூர்ப் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர். அண்ட்டி இங்கேயே பிறந்தவர். கணவர் போனபின் கிளமெண்டியில் உள்ள தன் பன்னிரண்டாவது மாடி வீட்டில் ஓர் அறையை வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஓர் அறையில் நானும் மதுரை ஜெயந்தியும். இருவரும் ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு வந்தவர்கள். இன்னோர் அறையில் ஆரஞ்சு அக்கா. அவர் முனைவர் பட்டத்துக்காக ஐந்தாவது ஆண்டாக அந்த அறையில் இருந்தார்.

அவருக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. அதை அவருடைய பல்கலைக்கழகம்கூட மறந்திருக்கும் என்பது என் நம்பிக்கை. முப்பத்திரண்டு வயது, தடிமனான கண்ணாடி, வெயிலானாலும் கையில் ஒரு மழைக்கோட்டு. தோளில் மீன் பிடிக்கிற மாதிரி நீளக் கம்பு வைத்த வலை. அதோடுதான் ரயிலில் ஏறுவார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போவார்கள். அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு காலை நீட்டி உட்காருவார்.

பெருமழை பெய்யும்போது கால்வாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அதற்குக் கருவிகள் இருக்கின்றன. பெருமழையில் அவை பொய் சொல்கின்றனவா என்று பார்க்க அவருக்கு ஆரஞ்சுப் பழம் தேவைப்பட்டது. மேல்பாலத்திலிருந்து ஒரு பழத்தைப் போட வேண்டும். கீழ்ப்பாலத்தை அது கடக்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். ஆரஞ்சு முக்கால்வாசி முழுகி மிதக்கும், காற்று அதைத் தள்ளாது, தண்ணீரின் பழுப்பு நிறத்தில் தெளிவாகத் தெரியும் என்று காரணங்கள் சொல்வார். கால்வாயில் ஒரு துரும்பைப் போட்டாலும் அபராதம் விதிக்கிற ஊர். அதனால், போட்ட பழம் ஒவ்வொன்றையும் கீழே பிடித்து எடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு அவருக்கு அனுமதிக் கடிதம் கொடுத்திருந்தார்கள். அதைக் கண்ணாடித் தாள் ஒட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார்.

பழங்களை லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தையில் வாங்குவார். எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும், தோல் தடித்திருக்க வேண்டும். இனிக்குமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. கடைக்காரர் இவர் எங்கோ ஜூஸ் கடை வைத்திருப்பதாக நினைத்து, கடை எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்ததும் பாத்திரம் கழுவும் தொட்டியை நிரப்பி, ஒவ்வொரு பழத்தையும் மிதக்கவிட்டுத் தேர்வு வைப்பார். தேறியதற்கெல்லாம் கறுப்பு மையில் எண் எழுதுவார். குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டு முழுக்க எண் போட்ட ஆரஞ்சு. யாரும் தொடக்கூடாது.

நான் வந்து மூன்றாவது சனிக்கிழமை, அவர் என் அறை வாசலில் வந்து நின்றார். ஊருக்கு வந்து இன்னும் எதையும் பார்க்கவில்லையே, நாளைக்கு மெரினாவுக்குப் போகலாமா என்றார். அந்நிய ஊரில் நம்மை ஒருவர் நினைத்துப் பார்க்கிறாரே என்று உருகிப்போய் உடனே சரி என்றேன். மறுநாள் ஒரு பையைக் கையில் கொடுத்தார். உள்ளே பன்னிரண்டு ஆரஞ்சு. வழியில் சாப்பிடத்தான் என்று நினைத்து ரயிலில் ஒன்றை எடுத்து உரிக்கப் போனேன்.

“அது ஏழாம் நம்பர். உள்ள வை” என்றார்.

மாலை மூன்று இருபதுக்கு மழை கொட்டியது. மெரினாவில் இருந்த அத்தனை பேரும் கூரையைத் தேடி ஓடினார்கள். அக்கா மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு எதிர்த்திசையில் நடந்தார். வலை என் கைக்கு எப்படி வந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. “நீ அந்தப் பாலத்துல நில்லு, வர்றதை எல்லாம் பிடி” என்ற குரல் மட்டும் நினைவிருக்கிறது. சிங்கப்பூரின் பெயர் பெற்ற காட்சிகளில் அன்று நான் கண்டது, என்னை நோக்கி வரிசையாக மிதந்து வந்த பன்னிரண்டு ஆரஞ்சுப் பழங்கள்.

பிறகும் ஏன் போனாய் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு முறையும் “இன்னிக்கு வேலை இல்லமா, சும்மா சுத்திப் பாக்கத்தான்” என்பார். பையில் ஆரஞ்சு இருக்கிறதே என்றால், வழியில் தேவைப்பட்டால் இருக்கட்டும் என்பார். எந்தப் பேருந்து எங்கே போகும் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நாங்கள் புதிது. போய்க்கொண்டே இருந்தோம், நனைந்துகொண்டே இருந்தோம். தன் ஜாதகத்தில் ஏதோ கோளாறு என்று ஜெயந்திக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வெளியே கிளம்பினாலே மழை வருகிறதே என்று சிராங்கூன் சாலைக் கோயிலில் ஒன்பது வாரம் நவக்கிரகத்தைச் சுற்றினாள். அங்கிருந்து திரும்பும் வழியிலும் இரண்டு முறை நனைந்தாள்.

சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாள் நடந்ததைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை முழுமையாகாது. அன்று கல்யாணமாகாத சீனப் பெண்கள் நல்ல கணவன் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஆரஞ்சைத் தண்ணீரில் போடுவது வழக்கம். இந்தக் காலத்தில் பழத்தின்மேல் தொலைபேசி எண்ணையும் எழுதிப் போடுகிறார்களாம். ஐந்தாண்டு இந்த ஊரில் இருந்த அக்காவுக்கு இது தெரியாது. காலாங் நதிக்கரைப் பாலத்தில் தூறலில் நின்று, கடிகாரத்தைப் பார்த்து அரை நிமிடத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பழங்களைப் போட்டார். கீழே ஜெயந்தி ஒன்று விடாமல் வலையில் அள்ளினாள்.

உடற்பயிற்சிக்கு வந்திருந்த ஒரு சீனப் பாட்டியம்மாள் இதையெல்லாம் நின்று பார்த்தார். முதலில் அக்காவிடம் போய், ஒன்று போட்டால் போதும், இத்தனை பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு கீழே போய் ஜெயந்தியைப் பிடித்துக்கொண்டார். அவள் பாவம் மனசு வைத்துப் போடுகிறாள், நீ எல்லாவற்றையும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா என்று திட்டித் தீர்த்துவிட்டார். கடைசியில் ஒரு பழத்தைத் திருப்பிப் பார்த்து, தொலைபேசி எண் இவ்வளவு சின்னதாக இருந்தால் எவன் கூப்பிடுவான் என்று வருத்தப்பட்டார். அதில் எழுதியிருந்தது நான்கு.

பிப்ரவரி கடைசி ஞாயிறு, எதையோ தேடி என் நாட்குறிப்பைப் புரட்டியபோது விஷயம் பிடிபட்டது. ஜெயந்தியையும் அழைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அக்கா தொட்டியில் பழங்களுக்குத் தேர்வு வைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, இதுவரைக்கும் பதினோரு தடவை எங்களை வெளிய கூட்டிட்டுப் போயிருக்கீங்க. பதினொண்ணுலயும் மழை. நாங்களாப் போன ஏழு நாள்ல ஆறு நாள் வெயில். எப்படி?”

“பன்னெண்டு தடவை. நவம்பர்ல பொங்கோல் போனோமே, அதை விட்டுட்ட.”

“அன்னிக்கு மழையே இல்லையே.”

“ஆமா. வீணாப் போன நாள்” என்றார்.

பொங்கோல் நீர்வழியில் அந்த மாலைதான் அக்காவோடு போய் எடுத்து நாங்கள் இருவரும் ஊருக்கு அனுப்பிய படங்களிலேயே தலைமுடி காய்ந்திருந்த ஒரே மாலை. அவர் வானிலை அறிக்கையைப் பார்த்து, எங்கே மழை விழும் என்று கணித்து, அந்த இடத்துக்கு எங்களை உல்லாசப் பயணம் அழைத்திருக்கிறார். ஜெயந்தி நவக்கிரகத்தைச் சுற்றிய வாரங்களை விரல்விட்டு எண்ணிவிட்டு, அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

நீங்கள் எங்களுக்கு ஊரைக் காட்டக் கூப்பிடவில்லை, வலை பிடிக்கக் கூப்பிட்டீர்கள் என்றேன். ரெண்டுக்கும்தான் என்றார். முகத்தில் குற்றவுணர்ச்சியின் சாயல்கூட இல்லை. அப்படி இந்தத் தண்ணீரில் என்னதான் இருக்கிறது என்று கத்திவிட்டேன்.

அவர் ஒரு பழத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “வேளச்சேரில எங்க வீட்டுக்குள்ள கட்டில் உயரத்துக்குத் தண்ணி வந்துச்சு. அப்புறம் அதிகாரிங்க வந்து எத்தனை மணிக்கு வந்துச்சு, எவ்ளோ நேரத்துல ஏறுச்சுன்னு கேட்டாங்க. தெருவுல ஒருத்தருக்கும் தெரியல. எனக்கும் தெரியல. எனக்கு அது பிடிக்கல.”

அது நியாயமான குறை என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். ஆனாலும் அன்றிலிருந்து அவரோடு பேசுவதை நிறுத்தினேன். மார்ச் முதல் வாரம் ஜெயந்திக்கு வேலைப் பயிற்சி கிடைத்து வேறு வீட்டுக்குப் போய்விட்டாள். அக்கா தனியாகவே வலையைத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

பத்து நாள் கழித்து ரஹீமா அண்ட்டி என்னைப் பிடித்து உட்காரவைத்தார்.

“ஏன்மா அது கூடப் பேச மாட்டேங்கிற? பாவம்லா. ஏப்ரல் முடிஞ்சா அதோட ஸ்டூடண்ட் பாஸ் முடிஞ்சுடும். ரெண்டு தடவ எக்ஸ்டென்ட் பண்ணியாச்சு. மூணாவது கிடையாதாம்.”

அண்ட்டிக்கு ஆராய்ச்சி புரியவில்லை, ஆனால் நிலவரம் தெளிவாகத் தெரிந்திருந்தது. தேக்காவுக்குப் பின்னால் ஓடும் ஒரு கிளைக் கால்வாயின் சுவரில் சிவப்புக் கோடு ஒன்று உண்டு. தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டும்போது எடுத்த கணக்கு ஒன்றாவது இருந்தால்தான் அக்காவின் கடைசி அத்தியாயம் நிற்கும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அது இல்லாவிட்டால் ஐந்து வருடத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு பட்டம் இல்லாமல் ஊருக்குப் போக வேண்டியதுதான். ஐந்து வருடத்தில் தண்ணீர் மூன்று முறை கோட்டைத் தாண்டியிருந்தது. முதல் முறை அக்கா விடுமுறையில் ஊரில் இருந்தார். இரண்டாவது முறை காய்ச்சலில் படுத்திருந்தார். மூன்றாவது முறை, டிசம்பரில், எல்லாம் சரியாக இருந்தது. கீழ்ப்பாலத்தில் வலையோடு நிற்க வேண்டிய ஆள் மட்டும் இடத்தில் இல்லை.

அந்த ஆள் நான். நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமைக்கு நேரே, “பலத்த மழை. வலையை ஓரமாக வைத்துவிட்டு ஒதுங்கினேன். இஞ்சி டீ, சுமார்” என்று எழுதியிருக்கிறேன். அன்று திரும்பி வந்தபோது அக்கா காலிப் பையோடு நின்றுகொண்டிருந்தார். என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவும் இல்லை. இது அவருடைய குணங்களில் மிகவும் எரிச்சலூட்டுவது.

மார்ச்சில் மழை பெயருக்குத்தான் பெய்தது. அண்ட்டி தன்னால் ஆனதைச் செய்தார். துணியைக் காயப்போட்டால் நிச்சயம் மழை வரும் என்பது அவருடைய நாற்பதாண்டு அனுபவம். தினமும் மதியம் மூங்கில் கழிகளில் துணியைக் கோத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். எல்லாம் மொடமொடவென்று காய்ந்தது.

ஏப்ரல் இரண்டாம் வாரம் அம்மா தஞ்சாவூரிலிருந்து வந்தார். தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், முதல் விமானப் பயணம். ஐந்து நாளுக்கும் கால் மணிக்கு ஒரு கட்டமாக அட்டவணை தயாரித்து அச்செடுத்து வைத்திருந்தேன். வியாழக்கிழமை இரண்டு மணிக்கு லிட்டில் இந்தியா, மூன்றே காலுக்குப் பேருந்து, நான்கு மணிக்கு மெரினாவில் கண்ணாடிக் கூண்டுத் தோட்டம், முன்பதிவு செய்த நுழைவுச்சீட்டு. மழையில்லாத ஒரு சிங்கப்பூரை என் குடும்பத்தில் ஒருவராவது பார்க்க வேண்டும் என்பது என் வைராக்கியம்.

இரண்டு நாற்பதுக்குச் சேலைக்கடையிலிருந்து வெளியே வந்தோம். வடக்கே வானம் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. எட்டு மாதத்தில் என்னைக் கேட்காமலேயே எனக்கு ஒரு கல்வி கிடைத்திருந்தது. இது கோட்டைத் தாண்டும் மழை என்று தெரிந்தது. அக்கா இரண்டு வாரமாகத் தினமும் மதியம் அந்தப் பாலத்துக்குத்தான் போகிறார், தனியாக. பாலம் இரண்டு, ஆள் ஒன்று.

“அம்மா, ஒரு பத்து நிமிஷ வேலை இருக்கு” என்றேன்.

அட்டவணையில் இல்லையே என்றார் அம்மா. ஆனாலும் புதுப் பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கால்வாய் பழுப்பு நிறத்தில் உறுமிக்கொண்டிருந்தது. அக்கா மேல்பாலத்தில் உபரியாக வைத்திருந்த பதின்மூன்றாம் பழத்தைப் போட்டுவிட்டு, அறுபது மீட்டர் தள்ளியிருந்த கீழ்ப்பாலத்தை நோக்கி வலையோடு ஓடிக்கொண்டிருந்தார். பழம் அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அவர் பாலத்தை எட்டியபோது அது எங்கோ கடலுக்குப் பாதி வழியில் இருந்தது. சுவரில் சிவப்புக் கோட்டைக் காணவில்லை. தண்ணீருக்குள் போயிருந்தது.

என்னைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

“லேட்” என்று சொல்லி வலையை என் கையில் கொடுத்துவிட்டு மேல்பாலத்துக்கு ஓடினார்.

மழைச் சத்தத்தில் நான் கத்தியது மேலே கேட்கவில்லை. பழம் கடப்பதை யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும், அப்போதுதான் கடிகாரத்தை நிறுத்த முடியும். அம்மா நிலைமையை ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முப்பத்தாறு வருடம் வருகைப் பதிவு எடுத்த குரலில், “ஒண்ணு” என்றார். தேக்காவுக்கே கேட்டிருக்கும். மேலே அக்காவின் கை கடிகாரத்தை அழுத்துவது தெரிந்தது.

இரண்டு, மூன்று, நான்கு. நான் வலையில் அள்ள அள்ள அம்மா எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஏழுக்குப் பிறகு ஒன்பது வந்தது. அம்மா அதிர்ந்துபோனார். “எட்டு எங்க?” என்று மேல்பாலத்தை அதட்டினார். பட்டம் வாங்கப் போகும் ஒருவர், மழையில், கையைக் கட்டாத குறையாக, “போட்டுட்டேன் டீச்சர்” என்று கத்தினார். எட்டு, சுவரோரம் சுழலில் சிக்கி நின்றுவிட்டு, தாமதமாக வந்தது. அதன் நேரத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று அம்மாவே தீர்ப்புச் சொன்னார். அக்கா தலையாட்டினார்.

பன்னிரண்டும் முடிந்ததும் பையோடு மேலே ஓடி, மறுபடியும் போட்டு, மறுபடியும் பிடித்து, மூன்று சுற்று. பத்தொன்பதாவது நிமிடம் சிவப்புக் கோடு தண்ணீருக்கு மேலே தலைகாட்டியது.

அக்கா கீழ்ப்பாலத்துக்கு வந்தார். நன்றி என்று சொல்வார் என எதிர்பார்த்தவர்கள் அவரை அறியாதவர்கள். நோட்டுப் புத்தகத்தை மழைக்கோட்டுக்குள் வைத்து எழுதப் பார்த்தார். முதல் நேரத்தையே தப்பாக எழுதி அடித்தார். இரண்டு முறை முயன்றுவிட்டுப் பென்சிலை என்னிடம் நீட்டினார்.

“நீ எழுதும்மா. நேரத்தை எல்லாம் நீ சரியா எழுதுவ.”

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஆரம்பம் இரண்டு ஐம்பத்தொன்று. அம்மா குடையை எங்கள் தலைக்குப் பிடிக்காமல் நோட்டுப் புத்தகத்துக்குப் பிடித்தார். நுழைவுச்சீட்டுகள் என் கைப்பையில் கூழாகியிருந்தன. பேருந்தில் திரும்பும்போது, எட்டு மாதமாக அந்தப் பெண்ணைப் பற்றித் தொலைபேசியில் என்னவெல்லாம் சொன்னாய் என்று அம்மா கேட்டதும், நான் நனைந்த அட்டவணையை விரித்து அடுத்த கட்டத்தைத் தேட ஆரம்பித்தேன். ஊருக்குப் போய், சிங்கப்பூரில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம் அம்மா அந்தக் கால்வாயைத்தான் வருணித்தார். வேறு எதையும் அவர் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

அத்தியாயம் நின்றது. பட்டம் வந்தது. அக்கா இப்போது சென்னையில் மழைநீர் வடிகால் தொடர்பான ஏதோ ஓர் அலுவலகத்தில் இருக்கிறார். அங்கே யார் தலையில் வலையைக் கட்டியிருக்கிறார் என்று தெரியவில்லை. அவர்களுக்கு என் அனுதாபங்கள். நான் இங்கேயே வேலை கிடைத்துத் தங்கிவிட்டேன். இப்போது செங்காங்கில் வீடு.

போன ஜூலையில் ஒரு கருத்தரங்குக்காக அக்கா மூன்று நாள் வந்து எங்கள் வீட்டில் தங்கினார். வலை இல்லை, ஆரஞ்சு இல்லை, சக்கரம் வைத்த ஒரு சின்னப் பெட்டி மட்டும். மூன்று நாளும் ஊர் பளிச்சென்று இருந்தது. மாலையில் எல்லோரையும் போல மெரினாவுக்குப் போனோம். எல்லோரும் பார்க்கிற பக்கமே திரும்பி நின்று, எல்லோரும் எடுக்கிற படத்தை எடுத்தார். நல்ல நேரத்தில் வந்திருக்கிறீர்கள், துளி மழை இல்லை என்று என் கணவர் சொன்னார். ஆமாம் என்று அவரும் மரியாதையாகச் சிரித்தார். நான் மூன்று நாளும் விடிந்ததும் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்தேன்.

கடைசி நாள் மதியம், விமான நிலையத்துக்கு வாடகைக் கார் கீழே வந்து நின்றுவிட்டது. பெட்டியை ஏற்றப்போன சமயம், மேற்கே, மாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் வானம் ஒரு கை அகலத்துக்குக் கறுத்துக்கொண்டு வருவதைப் பார்த்தேன்.

“அக்கா, ஃப்ளைட்டுக்கு இன்னும் நேரம் இருக்கு. ஒரு அரை மணி நேரம் இருந்து பாக்கலாமா?” என்றேன்.